நாள்தோறும் பாடும் பறவையும் ஒருமுறை பூக்கும் பனையும்

வங்கதேசத்தின் தலைநகராகிய டாக்கா மாநகரில் டாகேசுவரி அன்னையின் திருக்கோயில் இருக்கின்றது. அந்நகரின் பெயரே அன்னையின் திருநாமத்தினின்று வந்தது என்று கூறும் மரபும் உண்டு. கோயிலுக்கு அருகிலுள்ள வட்டாரத்திலேயே 1921-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டாக்கா பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. அப்பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டு உயிர்கள் சிறப்புப் பெற்றன. ஒன்று பறவை, மற்றொன்று பனை.

பறவைக்கு அங்கே சிலை உண்டு. சாலைகள் கூடும் சந்தியொன்றில் கருமையும் வெண்மையும் கலந்த இரு பறவைகளின் பெரிய உருவங்களை எழுப்பி, அவ்விடத்துக்குத் தோயல் சதுக்கம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். தோயல் என்பது அப்பறவையின் வங்கப் பெயர். பனைக்குச் சிலை எதுவுமில்லை. வளாகத்தின் ஒரு புறத்தில் பன்னெடுங்காலம் யாரும் பெயர் கேட்காமல் அது நின்றுகொண்டிருந்தது. அதன் இனமோ காடுகளில் முற்றிலும் அற்றுப்போய்விட்டது என்பது பின்னரே தெரியவந்தது.

எங்கும் காணப்படும் ஒரு சிறு பறவையையும், எங்கும் காணக் கிடைக்காத ஒரு பெரு மரத்தையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்ப்பது நமக்குப் பெரிதும் பயன் தரும். அதிலும் வயது முதிர்ந்த அன்பர்களுக்கு இவ்விரண்டும் தனியே ஒரு செய்தி வைத்திருக்கின்றன.

விடியலில் ஒரு பாட்டு

தோயல் நமக்குப் புதிய பறவையன்று. தமிழகத்தில் குண்டுக்கரிச்சான் என்றும், வண்ணாத்திக் குருவி என்றும் வழங்கும் பறவையே அது. கைக்குள் அடங்கிவிடும் உடல். மேலே தூக்கிப் பிடித்த வால். ஆணுக்குக் கரிய தலையும் மார்பும், வெண்ணிற வயிறும், சிறகில் ஒரு வெள்ளைக் கோடும் இருக்கும். பெண்ணுக்குக் கருமைக்குப் பதில் சாம்பல் நிறம். தோட்டங்களிலும் நந்தவனங்களிலும் தரையில் தத்தித் தத்திச் சென்று புழு பூச்சிகளைப் பொறுக்கி உண்ணும்.

கோடை தொடங்கும்போது இப்பறவையின் குரல் திறக்கின்றது. இருள் பிரியுமுன்பே ஆண்பறவை உயர்ந்த கிளையின் நுனியிலோ, கூரையின் உச்சியிலோ அமர்ந்து பாடத் தொடங்கிவிடும். சீழ்க்கையொலி போன்ற அப்பாட்டு ஒரே வகையாக இராது. ஏறியும் இறங்கியும் பல விதமாக வரும். இடையிடையே பிற பறவைகளின் குரலையும் எடுத்துக் கலந்து பாடும். திருப்பள்ளியெழுச்சி வேளையில் கோயிலுக்குச் செல்லும் அன்பர் பலர், பெயர் அறியாமலே இக்குரலைக் கேட்டிருப்பர்.

மரப்பொந்திலோ, பழைய மதிற்சுவரின் இடுக்கிலோ கூடு அமைத்து, நான்கு அல்லது ஐந்து முட்டைகள் இடும். இரண்டு வாரத்துக்குள் குஞ்சு வெளிவரும். பெற்ற இரண்டும் சேர்ந்து இரை ஊட்டும். அடுத்த ஆண்டு மீண்டும் கூடு, மீண்டும் முட்டை, மீண்டும் பாட்டு. ஓராண்டு கூடு சிதைந்தாலும் மறு ஆண்டு உண்டு. நித்திய பூசையைப்போல இதன் வாழ்வு சிறிது சிறிதாக, நாள்தோறும், தவறாமல் நடைபெறுகின்றது.

ஊரிலும் நகரிலும் ஏழை வீட்டு முற்றத்திலும் செல்வர் தோட்டத்திலும் ஒன்றுபோலக் காணப்படும் இப்பறவையை வங்கதேசம் தன் தேசியப் பறவையாக ஏற்றது. இரண்டு டாக்கா பணத்தாளிலும் இதன் உருவத்தைப் பொறித்தது. எளியவர் கையில் புழங்கும் சிறிய தாளில் எளியவர் அறிந்த பறவை இடம்பெற்றது பொருத்தமேயாகும்.

ஆயுளில் ஒரே அர்ச்சனை

இனிப் பனையைக் காண்போம். வங்கத்தில் தாளி என்று பெயர் பெற்ற மரம் இது. இரகுவின் திக்குவிசயத்தைப் பாடும் இடத்தில் மகாகவி காளிதாசர், கீழைக்கடலின் கரை தாளி வனங்களால் கருத்துத் தோன்றியதாக வருணிக்கிறார். அதனை அடுத்தே வங்கநாட்டாரை இரகு வென்ற செய்தியும் வருகின்றது. தாளி என்ற பெயர் அத்துணைப் பழமையானது.

இம்மரத்தை அறிவியல் முறையில் முதலில் விவரித்தவர் வில்லியம் ராக்ஸ்பர்கு என்னும் மருத்துவர். பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணிக்காகச் சென்னைக்கு வந்த அவர், பின்னர்ப் பஞ்சாராமத் தலங்களுள் ஒன்றான சாமர்லகோட்டையில் தங்கித் தாவர ஆராய்ச்சி செய்தார். 1793-ஆம் ஆண்டில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பற்றி அவர் இயற்றிய நூல் தொகுதியிலேயே இந்த வங்கப் பனையும் இடம்பெற்றது. அக்காலத்து மக்கள் இதன் ஓலையில் இரும்பு எழுத்தாணியால் எழுதினர் என்றும், வீட்டுக் கூரையின் மரங்களைப் பிணைக்க இதனைப் பயன்படுத்தினர் என்றும் அவர் குறித்திருக்கிறார்.

நம் பக்கத்தில் தாளிப்பனை, குடைப்பனை என்று வழங்கும் மரம் இதன் உடன்பிறப்பு போன்றது. அதன் ஓலையைச் சீதாளம் என்பர். நாட்டுப்பனை ஓலையைவிட அகலமும் மென்மையும் உடையதாதலால் சுவடி எழுதுவதற்கு அதனைப் பெரிதும் விரும்பினர். வட நாட்டிலும் பழைய சுவடிகள் பல இக்குடும்பத்துப் பனைகளின் ஓலையில் எழுதப்பட்டவையே. இறைவன் புகழையும் சாத்திரங்களையும் நூற்றாண்டு கடந்து சுமந்து வந்த மரக்குடும்பம் இது.

இப்பனையின் வாழ்க்கை முறை வியப்புக்குரியது. நாம் நன்கறிந்த நாட்டுப்பனை ஆண்டுதோறும் பாளை விடுகின்றது. தாளி அவ்வாறு செய்வதில்லை. பல பத்தாண்டுகள் ஓலை விரித்து நின்று, வேரும் நீரும் வெயிலும் தந்தவற்றையெல்லாம் அடிமரத்தினுள்ளே சேர்த்து வைக்கின்றது. காலம் கனிந்தபின் அதன் உச்சியினின்று ஒரே ஒரு பூங்கொத்து எழுகின்றது. ஏறத்தாழ இருபதடி உயரத்துக்கு, கிளைத்துக் கிளைத்து, தேர்க்கலசம்போல் அது விரியும். எண்ணித் தீராத சிறு பூக்கள் அதில் மலரும். பிறகு காய்கள் உருண்டு திரளும். சேர்த்தவை அனைத்தையும் அவற்றுக்கே கொடுத்துவிட்டதால் ஓலைகள் ஒவ்வொன்றாகச் சாயும். கனிகள் உதிர்ந்தபின் மரம் பட்டுப்போகும்.

வாழையும் ஒருமுறை குலை ஈன்று மடிவதே என்று அன்பர்கள் எண்ணலாம். ஆனால் வாழைக்கு அடியில் கன்று உண்டு. வாழையடி வாழை என்று நாம் வாழ்த்துவதும் அதனாலன்றோ! தாளிக்குப் பக்கக் கன்று இல்லை. விதை ஒன்றே அதற்கு வழி. அவ்விதையும் வாழ்நாளில் ஒரேயொரு முறைதான். பறவை ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் காரியத்தை இம்மரம் ஆயுளுக்கு ஒருமுறை செய்கின்றது. பறவைக்கு மறு ஆண்டு உண்டு, பனைக்கு இல்லை.

பீர்பூமில் நிகழ்ந்தது

மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டம் புண்ணிய பூமி. தாராபீடமும் வக்ரேசுவரமும் அங்கே உள்ளன. மகர சங்கராந்திதோறும் ஜயதேவர் பெயரால் விழா நடைபெறும் கெந்துளியும் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. தாகூர் வாழ்ந்த சாந்திநிகேதனும் அங்குதான் இருக்கின்றது.

அந்தச் சாந்திநிகேதனுக்கு அருகில் ஒரு சிற்றூர்ப்புறத்தில், இயல்பாக முளைத்து வளர்ந்த தாளி மரம் ஒன்று நின்றது. அறிஞர்கள் அறிந்த வரையில், இயற்கையில் எஞ்சியிருந்த கடைசித் தாளி அதுவே. 1979-ஆம் ஆண்டில் அது பூக்கத் தொடங்கிற்று. ஆயுள் முழுவதும் சேர்த்து வைத்ததை வெளிப்படுத்தும் காலம் அதற்கு வந்தது.

ஊர் மக்கள் அதைக் கண்டு அஞ்சினர். அவர்கள் அறிந்த பனை வேறு. நாட்டுப்பனையின் பாளை ஓலைகளுக்கிடையில் தொங்கும். தலைக்குமேல் கொம்பு முளைத்தாற்போல எழுவதில்லை. பனைபோலத் தோன்றியும் பனைக்கில்லாத கோலம் பூண்டு நின்ற அம்மரத்தைப் பேய்ப்பனை என்று கருதினர். காய் முற்றி விதையாகுமுன் அதனை வெட்டி வீழ்த்திவிட்டனர்.

அவ்வூராரை நாம் பழிக்கலாகாது. அவர்கள் மரத்தை வெறுத்தவர்கள் அல்லர். பணத்துக்காக வெட்டியவர்களும் அல்லர். பிள்ளைகுட்டிகளுக்குத் தீங்கு வந்துவிடுமோ என்னும் கவலையே கோடரியை எடுக்கச் செய்தது. மேலைக்கரையில் துளுநாட்டுப் பகுதிகளிலும் தாளிப்பனை பூத்தால் ஊருக்குக் கேடு என்ற அச்சம் இருந்ததுண்டு; அதனால் பூக்கும் தறுவாயில் மரங்களை வெட்டியதும் உண்டு. ஓர் ஊரின் குற்றமாக இதைக் கொள்ளாமல், மறதி எங்கும் செய்யக்கூடிய தீங்காகவே கொள்ளவேண்டும்.

மூத்தோர் நினைவு

இங்கேதான் பறவைக்கும் பனைக்கும் உள்ள பெரிய வேறுபாடு விளங்குகின்றது.

குண்டுக்கரிச்சானின் பாட்டைப் பற்றி ஒரு குழந்தைக்கு நாம் எதுவும் சொல்லவேண்டியதில்லை. இவ்வாண்டு கேளாவிட்டால் அடுத்த ஆண்டு கேட்கும். தாளியின் பூவோ அப்படியன்று. ஓர் ஊரில் ஒரு தாளி பூத்தால், மறுமுறை அங்கே ஒன்று பூப்பதற்குள் இரண்டு மூன்று தலைமுறைகள் கடந்துவிடும். முதற்பூவைக் கண்ட சிறுவன் முதியவனாகியிருப்பான். அவன் இருந்து, "அஞ்சாதீர்கள், இம்மரம் இப்படித்தான் பூக்கும், என் சிறு வயதில் கண்டிருக்கிறேன், காய் முற்றும்வரை விட்டுவையுங்கள்" என்று சொன்னால் மரம் பிழைக்கும். அவன் சொல்லாமல் மறைந்துவிட்டால், அல்லது அவன் சொல்லைக் கேட்பார் இல்லையென்றால், பூ பேயாகிவிடும்.

பீர்பூமில் இல்லாமற்போனது அப்படியொரு குரல்தான். ஒரு வாக்கியம் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், ஓரினத்தின் விதை மண்ணில் விழுந்திருக்கும்.

இது மரத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. பனையோலையில் எழுதப்பட்ட சுவடிகளுக்கும் இதே கதி நேர்ந்ததை நாம் அறிவோம். ஓலை நெடுங்காலம் நில்லாது. செல்லும் பூச்சியும் அரிக்கும். ஆகவே முன்னோர், பழுதுற்ற ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் படி எடுத்துக்கொண்டு, பழைய ஏட்டை மரியாதையோடு ஆற்றில் விட்டனர். ஆடிப்பெருக்கில் ஏடு விடுவது அவ்வாறு வந்த வழக்கம். காலப்போக்கில் படி எடுக்கும் முற்பகுதி மறந்துபோயிற்று. ஆற்றில் விடும் பிற்பகுதி மட்டும் நினைவில் நின்றது. டாக்டர் உ.வே. சாமிநாதையரவர்கள் சுவடி தேடி ஊர் ஊராகச் சென்றபோது, ஏடுகளை ஆற்றில் விட்டதாகவும் தீயில் இட்டதாகவும் கேட்டு உள்ளம் நைந்தார்கள். அவற்றை அழித்தவர்களும் பக்தி உடையவர்களே. பாதியை மட்டும் அறிந்திருந்தார்கள்.

வழக்கம் என்பது செயல் மட்டுமன்று. அதன் காரணமும் சேர்ந்ததே வழக்கம். செயலைப் பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். காரணத்தைப் பெரியோர் வாய்திறந்து சொன்னால்தான் உண்டு.

பறவைக்கும் பாதுகாப்பு வேண்டும்

அங்ஙனமாயின், எங்கும் உள்ள பறவைக்கு யாதொரு கவலையும் இல்லையோ எனின், உண்டு.

சிங்கப்பூரில் தமிழர்கள் பலர் வாழ்கின்றனர். அங்குள்ள திருக்கோயில்களை நம் அன்பர்கள் அறிவார்கள். 1920-களில் அத்தீவின் தோட்டங்களில் குண்டுக்கரிச்சான் மலிந்து கிடந்தது. அரை நூற்றாண்டு கழிவதற்குள் விரல்விட்டு எண்ணத்தக்க நிலைக்கு வந்துவிட்டது. அதன் இனிய குரலே அதற்கு வினையாயிற்று. பாட்டுக்காகப் பிடித்துக் கூண்டில் அடைத்தனர். கூடு கட்டுவதற்குரிய பொந்துகளுக்கு மைனாக்களும் போட்டியாக வந்தன. பின்னர்ப் பறவைகளை மீண்டும் கொண்டுவந்து விடுவித்துக் காக்கவேண்டியதாயிற்று. மலிவாக இருப்பது என்றும் நிலைக்கும் என்று எண்ணுவது பிழை என்பதற்கு இதுவே சான்று.

பாடும் பறவைகளைப் பற்றி மற்றொரு செய்தியும் அறியத்தக்கது. பாட்டு அவற்றுக்கு முழுவதும் பிறவியிலேயே அமைந்துவிடுவதில்லை. இளம் பறவை, முதிர்ந்த பறவை பாடுவதைக் கேட்டுக் கேட்டே தன் பாட்டைப் பழகுகின்றது. முதலில் குழறும், பின்பு திருந்தும். பாடும் முதிய பறவைகளையெல்லாம் பிடித்துக் கூண்டில் அடைத்துவிட்டால், வெளியில் வளரும் குஞ்சு யாரிடம் கற்கும்? நாள்தோறும் பாடும் பறவைக்கும் மூத்தோர் வேண்டியிருக்கிறார்கள் என்பதை இங்கே காண்கின்றோம். பனையோடு அது ஒன்றுபடும் இடமும் இதுவே.

டாக்காவில் எழுந்த பூ

பீர்பூம் மரம் வெட்டுண்டபின், டாக்கா பல்கலைக்கழக வளாகத்தில் நின்ற பனை தாளியே என்று 2001-ஆம் ஆண்டில் தாவர அறிஞர் அடையாளம் கண்டு உணர்த்தினர். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இம்மரத்தைக் காட்டில் அற்றுப்போன இனங்களின் வரிசையில் வைத்திருந்த காலம் அது.

2008-ஆம் ஆண்டில் அம்மரம் பூத்தது. பீர்பூமில் எழுந்த அதே பூ. தலைக்குமேல் எழுந்த அதே கோலம். இம்முறை அதைப் பார்த்தவர்களுக்கு அது இன்னதென்று தெரிந்திருந்தது. ஆதலால் யாரும் கோடரி எடுக்கவில்லை. மரத்தைக் காத்தனர், காய் முற்றும்வரை பொறுத்திருந்தனர். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் கனிகள் உதிர்ந்தன. மரம் தன் கடமையை முடித்துப் பட்டுப்போயிற்று. விதைகளைச் சேகரித்து ஊன்றி நூற்றுக்கணக்கான கன்றுகளை எழுப்பினர். அவை பல இடங்களுக்கும் சென்று நடப்பட்டன.

அக்கன்றுகளை நட்டவர்களுள் முதியோர் எவரும் அவற்றின் பூவைக் காணப்போவதில்லை. நட்ட இளைஞர்களும் தலை நரைத்தபின்பே காணக்கூடும். தான் காணாத பூவுக்காக நீர் ஊற்றுவது பெரியதொரு பூசை. பலனைக் கருதாமல் கடமையைச் செய் என்று கீதாசாரியன் அருளியதை மண்ணில் செய்து காட்டும் வழி அது.

நாம் செய்யத்தக்கது

திருவோத்தூரில் ஆண்பனை காய்த்த அற்புதத்தைச் சம்பந்தர் வரலாற்றில் படிக்கின்றோம். திருப்பனந்தாளில் பனையே தலவிருட்சம். மரத்தை இறைவனோடு வைத்து வணங்கும் மரபு நம்முடையது. அம்மரபு உடையவர்களுக்கு இவ்விரு உயிர்களும் உணர்த்தும் கடமைகள் சில உள்ளன.

பறவைக்காகச் செய்யத்தக்கவை எளியவை. தோட்டத்தில் பட்டுப்போன கிளையில் பொந்து இருந்தால், ஆபத்தில்லாத இடமாயின் அதை விட்டுவைக்கலாம். மதிற்சுவரின் இடுக்கை அடைக்குமுன், உள்ளே கூடு இருக்கிறதா என்று பார்க்கலாம். பேரக்குழந்தைகள் பாடும் நாட்டுப் பறவையைக் கூண்டில் கேட்டால், வாங்கித் தராமல் விடியலில் எழுப்பி மரத்தில் காட்டலாம். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுப் பறவைகளைப் பிடித்து விற்பது குற்றமும் ஆகும்.

பனைக்காகச் செய்யத்தக்கது அதனினும் எளிது. ஆனால் அதை முதியவர்களே செய்ய இயலும். நீங்கள் ஒருமுறை கண்டவற்றை, இனி நெடுங்காலம் எவரும் காணாதவற்றை, வீட்டில் உள்ள இளையோரிடம் சொல்லிவையுங்கள். உங்கள் ஊர்க் கோயிலின் தலவிருட்சம் எப்போது பூக்கும், எப்போது இலை உதிர்த்து மீண்டும் தளிர்க்கும் என்று சொல்லுங்கள். குளம் வற்றிய ஆண்டில் எந்தக் கிணறு ஊரைக் காத்தது என்று சொல்லுங்கள். மூங்கில் பூத்த ஆண்டு உங்களுக்கு நினைவிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஒரு சடங்கைச் செய்யச் சொல்லும்போது, அதன் காரணத்தையும் உடன் சொல்லுங்கள். கேட்பவர்கள் கைப்பேசியைப் பார்த்தபடி கேட்டாலும் சொல்லுங்கள். காதில் விழுந்த ஒரு வாக்கியம் என்றோ ஒருநாள் நினைவுக்கு வரும்.

பேரன் ஒருநாள் ஓர் அறியாத மரத்தின் முன் நிற்கும்போது, அதை வெட்டலாமா என்று நால்வர் கூடிப் பேசும்போது, "இதைப் பற்றி எங்கள் தாத்தா சொல்லியிருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள்" என்று அவன் சொல்லக்கூடும். மரம் காய் முற்றுவதற்கு அந்தப் பொறுமை போதும்.